வைக்கோல் லாரியில் போகிறது, தீவனம் மூட்டையில் வருகிறது: டெல்டாவில் ஒரு கறவைக் குடும்பத்தின் கணக்கு

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம். கோயில் நிலம் ஒன்றரை ஏக்கர் குத்தகை. கொட்டகையில் ஜெர்சி கலப்பினப் பசு இரண்டு, உம்பளச்சேரிப் பசு ஒன்று, கிடேரி ஒன்று. மாட்டு வேலை முழுக்க வீட்டம்மா கையில். கணவர் வயலைப் பார்க்கிறார், மற்ற நாளில் கூலி வேலைக்குப் போகிறார். மகன் திருப்பூரில். குடும்பத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இந்த வீட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இது வெற்றிக் கதையும் இல்லை, நொடித்துப்போன கதையும் இல்லை. 1998 முதல் உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24இல் சுமார் 23.9 கோடி டன். அதில் பெரும்பங்கு இப்படி இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வருகிறது. இந்த வீடுகளில் மாடு நிற்குமா, விற்கப்படுமா என்பதை எது முடிவு செய்கிறது? பேச்சு எடுத்ததும் எல்லோரும் பால் விலையைத்தான் சொல்கிறார்கள். அக்காவின் நோட்டைப் புரட்டினால் வேறு ஒன்று தெரிகிறது.

மாடு வந்த விதம்

மாமனார் காலத்தில் இந்த வீட்டில் நின்றது உம்பளச்சேரி உழவு மாடு. நாகை மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம் இருக்கும் உம்பளச்சேரி கிராமத்தின் பெயரைத் தாங்கிய இனம். உயரம் குறைவு, குளம்பு கெட்டி, சேற்றில் சளைக்காமல் உழும். கன்று செம்மையாகப் பிறந்து சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பால் இரண்டு லிட்டர் வந்தாலே பெரிது. டிராக்டர் வந்தது, ஏர் மாடு போனது. மாநிலத்தின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி கலப்பைச் சொல்கிறது. உம்பளச்சேரிக்கு அதன் சொந்த வட்டாரத்தை ஒதுக்கியிருக்கிறது, திருத்துறைப்பூண்டி வட்டம் கொருக்கையில் அரசுப் பண்ணையும் இருக்கிறது. ஆனாலும் வீடுகளில் கறவை என்றால் இப்போது ஜெர்சிதான்.

அக்காவுக்கு முதல் கலப்பின மாடு 2011இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டத்தில் வந்தது. ஆண்டுக்கு 12,000 மாடு என்று ஏழைப் பெண்களுக்குக் கொடுத்த திட்டம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கொட்டகை சரிந்து அந்த மாடு போய்விட்டது. மிஞ்சியது அதன் கிடேரி. இப்போது கறக்கும் செவலை அதுதான். இன்னொரு மாடு நெத்திவெள்ளை, கடன் வாங்கிச் சந்தையில் பிடித்தது. உம்பளச்சேரிப் பசுவை மட்டும் தாய்வீட்டிலிருந்து ஓட்டிவந்தார். அதைக் கணக்கில் சேர்க்காதே என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பால் ஊற்றும் இடம்

காலை ஐந்தரைக்குச் சொசைட்டி, அதாவது பால் கூட்டுறவுச் சங்கம், திறக்கும். கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அளவுக்காரர் கொஞ்சம் பாலை எடுத்து சோதனைக்கு வைத்துவிட்டு, மீதியை அளந்து ஊற்றுவார். முன்பு எல்லாம் பாலின் அடர்த்தியை டிகிரியாகக் காட்டும் லாக்டோமீட்டர்தான், இப்போது பல இடங்களில் பெட்டி மாதிரி ஒரு மிஷின். குழாயைப் பாலில் விட்டால் கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு என்று எண் வரும். ஆனால் எல்லோர் பேச்சிலும் இன்னும் பழைய சொல்தான்: “உன் பாலு எத்தனை டிகிரி?”

டிகிரி குறைந்தால் தண்ணீர் கலந்ததாகத்தான் முதலில் நினைப்பார்கள். கலப்பவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறோம். கறந்த சூட்டோடு லாக்டோமீட்டரை விட்டால் அளவு குறைத்துத்தான் காட்டும், வெப்பநிலைக்குத் தகுந்த திருத்தம் போட வேண்டும். இரண்டாவது, மாடு என்ன தின்கிறது என்பது. வைக்கோல் நிறையத் தின்னும் மாட்டுப் பாலில் கொழுப்பு குறையாது. நார்ச்சத்திலிருந்துதான் கொழுப்பு உண்டாகிறது. தெம்பும் புரதமும் போதாவிட்டால் கொழுப்பு நீங்கிய மற்ற திடச்சத்து இறங்கிவிடும். மடிநோய் வந்தாலும் அப்படித்தான், வெளியே தெரியாத மடிநோயானாலும். ஆகவே டெல்டா மாட்டுப் பால் டிகிரி குறைவதற்குப் பல நேரம் காரணம் கொட்டகையில் இருக்கிறது, குழாயடியில் இல்லை.

விலை விஷயம். ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டர் 32லிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்து 38. இது நிர்ணயித்த தரத்துக்கான விலை. அக்கா கைக்குச் சராசரியாக 35 வருகிறது, காரணம் மேலே சொன்ன டிகிரிதான். டீக்கடைக்குக் கொஞ்சம் கூடுதல் விலையில் ஊற்றலாம், ஆனால் அவர்களுக்குக் காலைப் பால் மட்டும் வேண்டும், பண்டிகை நாளில் கடை பூட்டு. தனியார் வண்டி வரும், போகும். மழையானாலும் வெயிலானாலும் இரண்டு வேளையும் எடுத்துக்கொள்வது சொசைட்டிதான். பட்டுவாடா சில மாதம் தள்ளிப்போகும், அந்தக் கோபம் அக்காவுக்கு உண்டு. ஆனாலும் விடவில்லை.

வைக்கோல்

ஊர் முழுக்க வைக்கோல் விளைகிறது, மாடு வைத்திருப்பவர் வைக்கோலை விலைக்கு வாங்குகிறார். டெல்டாப் பால் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆள் வைத்து அறுத்த காலத்தில் கட்டு களத்துக்கு வரும், அடித்த பிறகு வைக்கோல் கொல்லையில் போராக ஏறும். ஒரு வருஷத்துக்கு மாட்டுக்குக் கவலை இல்லை. இப்போது சேற்றில் இறங்கும் பெல்ட் வண்டி அறுக்கிறது. நெல் தொட்டிக்குள் போகிறது, வைக்கோல் நசுங்கி வயலிலேயே விழுகிறது. அதைச் சுருட்டி உருளையாகக் கட்டும் மிஷின் பின்னால் வருகிறது. அதற்குப் பின்னால் வியாபாரியின் லாரி. கேரளா வரைக்கும் போகிறது நம் வைக்கோல்.

அறுவடை நேரத்தில் வண்டி வாடகை, குத்தகை, கடைக்கடன் எல்லாம் ஒன்றாக நிற்கும். வைக்கோலைப் போட்டுவைக்க இடமும் இல்லை. அதனால் மாசியில் வந்த விலைக்கு உருளைகளைத் தள்ளிவிட்டு, ஐப்பசி மழையில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து அதே உருளையை வாங்கியிருக்கிறார்கள் இந்த வீட்டில். ஒரு வருஷம் இல்லை, பழக்கமாகவே. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் சம்பா சாய்ந்தபோது வைக்கோலும் நனைந்து கறுத்தது. பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்றால் மாட்டுக்குக் கேடு என்று அக்காவுக்குத் தெரியும். “தெரிஞ்சுதான் தம்பி போட்டேன், வேற என்னத்தப் போடுறது?”

சரி, நல்ல வைக்கோல் கிடைத்தாலும் அது வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். புரதம் 3, 4 சதவீதம். மணிச்சத்து குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் கட்டிவைத்துக்கொள்ளும். மேற்கே காங்கேயம் பக்கம் மானாவாரி நிலம் உண்டு, சோளத்தட்டு உண்டு, கொழுக்கட்டைப் புல் முளைக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் உண்டு. டெல்டாவில் காலடி மண் எல்லாம் நெல்லுக்குத்தான். மேய்ச்சல் தரை ஊருக்கு ஊர் சுருங்கிவிட்டது. வரப்புப் புல்லை அறுத்துப் போட்டுச் சமாளித்தார்கள், இப்போது வரப்பிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மருந்து அடித்த வரப்பு எது, அடிக்காத வரப்பு எது என்று கேட்டுக் கேட்டுத்தான் அக்கா அரிவாளை வைக்கிறார்.

ஆக, பாலை உண்டாக்குவது மூட்டைத் தீவனம். செவலை ஒன்பது லிட்டர் கறக்கும் நாளின் கணக்கு இது: வீட்டுக்கு ஒரு லிட்டர் போக எட்டு லிட்டர், 280 ரூபாய். கலப்புத் தீவனம், தவிடு, கடலைப் புண்ணாக்கு எல்லாம் சேர்ந்து நாலரைக் கிலோ, சுமார் 130 ரூபாய். வைக்கோல் 30 ரூபாய். மிச்சம் 120. கறப்பது, கழுவுவது, சாணி அள்ளுவது, புல் அறுப்பது, இரண்டு வேளை சொசைட்டி நடை எல்லாவற்றுக்கும் கூலி இந்த 120தான். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாட்டை விற்றதற்கு இதைத்தான் சொன்னார்கள், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

வைக்கோலை யூரியா போட்டுப் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் புரதம் இரண்டு மடங்காகும், செரிமானமும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குத் தரக்கூடாது. எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்வார்கள். நான் போன கொட்டகை எதிலும் பார்க்கவில்லை. மழையில் மூடிவைக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் யூரியா தின்று செத்த மாட்டைப் பற்றி ஒவ்வொரு ஊரிலும் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பயத்தைத் துண்டுப் பிரசுரத்தால் போக்க முடியாது.

சும்மா நின்ற மாதங்கள்

இந்த ஆய்வின் முக்கியமான இடம் இது. கலப்பினப் பசு கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்தில் அடுத்த கன்று. பத்து மாதம் கறவை, இரண்டு மாதம் வறட்டு. செவலை மூன்றாவது ஈத்து போட்டது 2023 அக்டோபரில். நாலாவது ஈத்து 2025 மார்ச்சில். பதினேழு மாதம். பால் பதினோராவது மாதமே வற்றிவிட்டது. ஆக ஆறு மாதம் கறக்காமல் நின்று தின்றது. வழக்கமான இரண்டு மாதத்தைக் கழித்தால் நாலு மாதம் அதிகம்.

கறக்காத மாட்டுக்கும் இரண்டு கிலோ தீவனமும் வைக்கோலும் போட வேண்டும், நாளுக்கு 90 ரூபாய். நாலு மாதத்துக்கு 10,800. ஊசிக்கும் மருந்துக்கும் ஆனது தனி. அடுத்த ஈத்துப் பால் தள்ளிப்போனதன் நஷ்டம் அதற்கும் மேல்.

இதே ஈத்தில்தான் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. சராசரி ஆறு லிட்டர், முந்நூறு நாள் என்று தாராளமாகவே போட்டாலும் அதனால் வந்த லாபம் 5,400 ரூபாய். சினை பிந்தியதால் போனது அதைப்போல இரண்டு மடங்கு. விலை உயர்வைப் பற்றி ஊரே பேசியது. இந்த 10,800ஐப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் அது பில்லாக வருவதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத் தொட்டியில் போகிறது.

ஏன் பிந்தியது? அக்டோபரில் கன்று, நவம்பரில் அடைமழை, கொட்டகைத் தரை காயவே இல்லை, மடிநோய் வந்தது. ஒரு காம்பு கட்டிக்கொண்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து நாளுக்குப் பல தடவை தடவும் மூலிகை வைத்தியத்தோடு, மருத்துவர் ஊசியும் போட்டார். தேறியது, ஆனால் உடம்பு இளைத்துவிட்டது. இளைத்த மாடு எளிதில் பருவத்துக்கு வராது. ஜனவரியில் வந்திருக்கலாம். அது சம்பா அறுவடை, வீட்டில் யாரும் மாட்டைக் கவனிக்கவில்லை. பிப்ரவரியில் வந்ததைப் பார்த்தார்கள், சினை ஊசி போட்டார்கள், சினை நிற்கவில்லை. மார்ச்சிலும் அப்படியே. அடுத்த இரண்டு பருவம் வெயிலில் சத்தமில்லாமல் போனது. ஜூனில் போட்ட ஊசிதான் நின்றது.

பசுவுக்குப் பருவம் 21 நாளுக்கு ஒரு முறை, அதுவும் ஒரு நாள் கூட நீடிக்காது. கத்தும், தீனி குறையும், பால் இறங்கும், வாலடியில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும், மற்ற மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்கும். காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. இந்தக் கணக்கு அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் பல மாடுகள் இரவிலும் விடியலிலும்தான் அறிகுறி காட்டுகின்றன. கட்டுத்தறியில் தனித்தனியாக நிற்கும் மாடு மேலே ஏற விடாது, ஏறவும் முடியாது. நடவு, களை என்று பெண்கள் வயலில் இருக்கும் மாதங்களில் பகலில் பார்க்கவும் ஆள் இல்லை. பார்த்துவிட்டாலும் அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஊசிக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள், அதாவது சுமார் 1,900 ரூபாய்.

மார்ச் ஈத்துக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தார். ஒன்று, தீவனத்தில் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை, கால்நடைப் பல்கலைக்கழகம் தயாரித்தது. வைக்கோலும் தவிடும் தின்னும் மாட்டுக்கு இது மருந்து இல்லை, சாப்பாட்டின் பகுதி. இரண்டாவது, சொசைட்டியில் கொடுத்த நாட்காட்டியில் ஒவ்வொரு பருவத்தையும் வட்டம் போட்டு, அடுத்த 21ஆம் நாளையும் குறித்துவைப்பது. அந்த இரண்டு நாளும் வயலுக்குப் போவதில்லை. மே மாதம் போட்ட முதல் ஊசியே நின்றுவிட்டதாக மருத்துவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஒரு மாட்டை வைத்து இதைச் சூத்திரமாக்க முடியாதுதான்.

தண்ணீர் கொண்டுவருவது

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி ஒழுங்காக வருகிறது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பலன் இது. 2013இல் கோமாரி டெல்டாவில் ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். மாட்டுக்கு வரும் பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசி போடுகிறார்கள். அதிகம் பேசப்படாதது தட்டைப்புழு. வாய்க்கால் ஓரத்து நத்தையில் வளர்ந்து, தண்ணீர் நின்ற புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும். தாடையில் வீக்கம், விடாத கழிச்சல். மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் குடற்புழு மருந்து கொடுத்தால் தப்பிக்கலாம்.

அடைமழையில் இரண்டு ஜெர்சியும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது உம்பளச்சேரி மட்டும் அசைபோட்டுக்கொண்டிருக்கும். நாட்டு மாட்டுப் பால், ஏ2 என்று சென்னைக் கடைகளில் விற்கும் விலை திருத்துறைப்பூண்டி வரைக்கும் வருவதில்லை. இரண்டு லிட்டர் பாலுக்காக அதை வைத்திருக்கச் சொல்வதும் நியாயம் இல்லை. அக்கா வைத்திருக்கிறார், அது அவர் விருப்பம்.

இனி என்ன

கணவருக்கு மூன்றாவது கறவை வாங்க ஆசை. கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மாடு வளர்ப்புக்கும் உண்டு, வட்டியும் குறைவு. பெட்டைக் கன்றே பிறக்கும்படி பிரித்த விந்து ஊசியும் வந்துவிட்டது, பத்தில் ஒன்பது கிடேரியாகும். காளைக்கன்றை என்ன செய்வது என்று தவிக்கும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. இருந்தாலும் என் கருத்து, மூன்றாவது மாடு வேண்டாம். இருக்கிற இரண்டும் பதின்மூன்று மாதத்துக்கு ஒரு கன்று போட்டால், அதுவே அரை மாடு வாங்கியதற்குச் சமம். அதற்குச் செலவு புல்லுக்கும் கவனிப்புக்கும்.

புல்லுக்கு இடம்? பத்து சென்ட் கோ-4 என்னும் கலப்பின நேப்பியர் தீவனப் புல் நல்ல தண்ணீரும் எருவும் கிடைத்தால் வருஷத்துக்கு 15 டன் வரை தரும் என்று புத்தகக் கணக்கு. பாதிதான் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 20 கிலோ, இரண்டு மாட்டுக்கும் ஆளுக்குப் பத்து கிலோ. மூட்டையில் தினம் ஒரு கிலோவாவது குறையும். சிக்கல் என்னவென்றால் கோ-4 தண்ணீர் கட்டினால் அழுகும், ஆகவே வயலில் போட முடியாது, மேடான திடல்தான் வேண்டும். மேட்டூர் தண்ணீர் வழக்கப்படி ஜனவரி 28இல் நின்றுவிடும், ஜூன் 12 வரைக்கும் போர் தண்ணீர் வேண்டும். 2024இல் ஜூலை 28இல்தான் அணை திறந்தது. வடிகால் ஓரத்தில் தண்ணீர் தாங்கும் பாரா புல், வீட்டு வேலியில் அகத்தி, சம்பாவுக்குப் பின் விதைத்த உளுந்தின் செடியையும் பொட்டையும் விற்காமல் வைத்துக்கொள்வது என்று சில்லறையாகச் சேர்த்தால்தான் வருஷம் ஓடும். ஒரே புல்லை நம்பினால் டெல்டா ஏமாற்றிவிடும்.

நிலமே இல்லாத வீடுகளுக்கு இந்த யோசனை பயன்படாது. அங்கே மாடு வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். கிராமப் பொது நிலத்தில், குளக்கரையில் சொசைட்டியே புல் வளர்த்து விற்கலாம். அறுவடை முடிந்ததும் வைக்கோல் உருளையைச் சங்கமே வாங்கிக் கொட்டகையில் அடுக்கி, ஐப்பசியில் உறுப்பினர்களுக்குப் பால் பணத்தில் கழித்துக்கொண்டு கொடுக்கலாம். வியாபாரி செய்வதும் அதுதான், லாபம் மட்டும் வேறு இடத்துக்குப் போகிறது. பால் வாங்கத் தெரிந்த சங்கத்துக்கு வைக்கோல் வாங்குவது பெரிய வித்தை இல்லை. பால் அதிகம் தரும் மாவட்டங்கள் என்றால் சேலம், ஈரோடு, விழுப்புரம் என்றுதான் சொல்கிறார்கள். டெல்டாவில் சங்கத்துக்குக் கிடைக்கும் பாலைக் கூட்ட விலையோடு இதையும் யோசிக்க வேண்டும்.

பங்குனியில் பக்கத்து வீட்டுத் திடலில் எட்டு சென்ட் குத்தகைக்குப் பிடித்துக் கோ-4 கரணை ஊன்றியிருக்கிறார்கள். முதல் அறுப்பு ஆனியில் முடிந்தது. கடன் அட்டை விண்ணப்பத்தைக் கணவர் பூர்த்தி செய்து வைத்திருக்கிறார். நெத்திவெள்ளை கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அது எப்போது சினையாகிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தைக் கொடுக்கலாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.